முந்திச் சிரிக்கிற பேபிக்கு

என் பேபிக்குட்டி,

நீ ஜெயித்துவிட்டாய். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. உன் அண்ணன் தியேட்டருக்குள் கால் வைத்துவிட்டார். கால் வைத்தது மட்டுமா? படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் எழுந்திருக்காமல், பேர் பேராகப் போடுவார்களே, அதையும் கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்த்தார். கூட்டிப் பெருக்க வந்த ஆள் விளக்குமாற்றோடு காத்துக்கொண்டு நின்றான்.

அங்கே உனக்கு இந்தச் செய்தி வந்து சேர்ந்ததா இல்லையா, எனக்குத் தெரியாது. வந்திருந்தாலும் என் வாயால் கேட்கிற மாதிரி இருக்காது. அதனால் எழுதுகிறேன்.

நான் லாபிஸ் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் என்று உனக்குத் தெரியும். எழுத்துப்பிழையை மருமகள் தர்ஷினி திருத்துவாள். திருத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன் என்கிறாள். அனுப்பட்டும். ஆகவே உனக்குத் தெரிந்த கதையையும் நடுநடுவே சொல்ல வேண்டியிருக்கிறது. இவள் யாருக்கு எழுதுகிறாள் என்று படிக்கிறவர்கள் முழிக்கக் கூடாது பார்.

பேபி என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்குக் கூடப் பிறந்த ஒரே தங்கச்சி. அறுபது வயசைத் தாண்டியும் உன் பேர் பேபிதான். கிளினிக்கில் அடையாளக் கார்டில் இருக்கிற பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் நீ எழுந்திருக்கவே மாட்டாய். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நீயும் சுற்றிப் பார்ப்பாய். நான்தான் விலாவில் இடிக்க வேண்டும்.

நான் கல்யாணமாகிப் பெக்கான் நானாஸுக்கு வந்தபோது நீ அன்னாசி ஆலையில் டின் அடுக்குகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய். புது மருமகளிடம் நாத்தனார் முதலில் என்ன கேட்பாள்? சமைக்கத் தெரியுமா, தைக்கத் தெரியுமா என்று கேட்பாள். நீ கேட்டது, "அண்ணி, படம் பார்ப்பீங்களா?" பார்ப்பேன் என்றேன். அன்றைக்குப் பிடித்த கை, போன வருஷம் வரைக்கும் விடவில்லை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாய். நாங்கள் தம்போய்க்கு வீடு மாறியபோது நீயும் கூடவே வந்தாய். அன்னாசி ஆலை போய் இங்கே வேறு ஆலை வந்தது. பழைய தியேட்டர் மூடி, சூப்பு வைக்கிற கூட்டுக்காக அதில் குருவி வளர்த்தார்கள். நாம் பேரங்காடியில் இருக்கிற தியேட்டருக்கு மாறிக்கொண்டோம். படம் மட்டும் நிற்கவில்லை.

உன் காது எப்போது போனது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அந்த டின்கள் உருளுகிற சத்தத்திலேயே நின்றாயே, அதனாலா? இல்லை, உங்கள் குடும்பத்துக் காதே அப்படியா? ஐம்பது வயசு வாக்கில் நீ என் வாயைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாய். போச்சு, இனிமேல் இவளுக்கு எதற்குப் படம் என்று நான் நினைத்தேன். நீ என்ன சொன்னாய்? "அதான் கீழ எழுதிப் போடுறான்ல அண்ணி. எனக்கு என்ன கவலை?"

நம் நாட்டில் தமிழ்ப் படம் போட்டால் கீழே மலாயில் எழுத்து வரும். பேசுகிறவன் வாயைத் திறக்கும்போதே முழு வரியும் வந்து நின்றுவிடும். காது கேட்கிற எங்களுக்குப் பேச்சு முடிந்தால்தான் சிரிப்பு. மலாய்ப் பள்ளியில் படித்த உனக்கு எழுத்தைப் பார்த்த உடனே சிரிப்பு. அதனால் தியேட்டர் முழுக்க வாயை மூடிக்கொண்டிருக்கும்போது நீ ஒருத்தி மட்டும் முதலில் சிரிப்பாய். அதுவும் மெதுவாகவா? நிரம்பிய வாளியைத் தரையில் கவிழ்த்த மாதிரிச் சிரிப்பாய். அதற்குப் பின்னால்தான் நாங்கள் எல்லாரும்.

ஆரம்பத்தில் முன்வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். கொஞ்ச நேரம் போனால் அவர்களுக்கே பழகிவிடும். உன் சிரிப்புச் சத்தம் வந்தால் ஏதோ வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்காருவார்கள். ஒரு தடவை ஒரு பொம்பிளை படம் முடிந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த படத்துக்கும் வாங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். உனக்குக் கேட்கவில்லை. தர்ஷினி ஓட்டிய காடியில் வரும்போது நான் சொன்னேன். வீடு வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாய்.

கடைசியாக நாம் பார்த்த படத்தில் ஓர் இடம். மாமியார்க்காரி துணி காயப்போட்டுக்கொண்டே மருமகளிடம் ஏதோ சொல்கிறாள். சாதாரணப் பேச்சு. நீ சிரித்தாய். வழக்கம்போல எல்லாரும் தயாரானார்கள். பேச்சு வந்தது, போனது, யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நீ மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாய். என்னடி என்று உன் தொடையைத் தட்டிக் கேட்டேன். "காடியில சொல்றேன் அண்ணி," என்றாய். காடியில் ஏறினதும் மழை பிடித்துக்கொண்டது, கண்ணாடி மறைத்தது, தர்ஷினி பயந்து பயந்து ஓட்டினாள். நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த வாரம் நீ ஆஸ்பத்திரியில் படுத்தாய்.

சரி, அது இருக்கட்டும். உன் அண்ணன் கதைக்கு வருகிறேன்.

படம் பார்க்கத் தியேட்டருக்குப் போக வேண்டுமா என்று அண்ணனும் தங்கச்சியும் எத்தனை வருஷமாகச் சண்டை போட்டீர்கள்? அவர் லாரி ஓட்டிய காலத்திலேயே அது ஆரம்பித்துவிட்டது. வீட்டில் டிவி இருக்கும்போது எதற்கு அங்கே என்பார். நீ விட மாட்டாய். "ஒரே ஒரு தடவை வந்து பாருங்கண்ணே. அப்புறம் ஜென்மத்துக்கும் கேக்க மாட்டேன்." அதற்கு அவர், "குளிர்ல ரெண்டு மணி நேரம் உட்கார்றதுக்கு நான் என்ன ஐஸ்பெட்டியில வச்ச மீனா?" என்பார். நீ பாவாடையை உதறிக்கொண்டு போவாய். மறுநாள் மறுபடி கேட்பாய்.

கடைசி ரெண்டு வருஷம் நீ கேட்டது ரொம்ப அதிகம். சாப்பிடும்போது கேட்பாய், செடிக்குத் தண்ணி ஊற்றும்போது கேட்பாய். இவளுக்கு வேறு வேலை இல்லை என்று நான் நினைத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வருகிறேன்.

நீ போன பிறகு அவர் பேச்சைக் குறைத்துவிட்டார். காலையில் பசியாறிவிட்டு டிவி முன்னால் உட்காருவார். மகன் ஒரு பெட்டி வாங்கி மாட்டியிருக்கிறான், எல்லாப் படமும் அதில் வருகிறது. படம் ஓடும், அவர் பார்ப்பார். முகத்தில் ஒன்றும் இருக்காது. சிரிப்புக் காட்சி வந்தாலும் அதே முகம், சாவு வந்தாலும் அதே முகம். கோப்பி ஆறுதுங்க என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். டிவி சத்தத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போவார். பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மா வந்து கேட்டைத் தட்டிக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிவிட்டுப் போனார். துக்கத்தில் இருக்கிற மனுஷன், மனசை மறக்கச் சத்தமாக வைக்கிறார் என்று நானே அந்த அம்மாவிடம் சமாதானம் சொன்னேன்.

எனக்குப் பயம் வந்துவிட்டது பேபி. உன்னை அனுப்பிய அன்றைக்கே அவரும் பாதி போய்விட்டார், மீதி போகிறதற்கு இப்படி உட்கார்ந்து காத்திருக்கிறார் என்று பயம். இந்தப் பயத்தை யாரிடம் சொல்வேன்? சொல்கிற ஆள் நீதானே.

நானும் அந்தப் பெட்டியில் பார்க்காமல் இல்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தேன், துணி மடித்துக்கொண்டே பார்த்தேன். வாசலில் யாராவது கூப்பிட்டால் படத்தை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்ப்பேன். திரும்பி வந்தால் ஆள் வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருப்பான், நான் பட்டனை அமுக்கினால்தான் மிச்சத்தைப் பேசுவான். நல்ல வசதிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு தடவைகூட எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ முதலில் சிரித்து எனக்கு வழி காட்டிப் பழகிவிட்டது. ஆள் இல்லாத வீட்டில் யார் பின்னால் சிரிப்பேன்?

தியேட்டருக்குப் போகலாமா என்று மகனிடம் மெதுவாகக் கேட்டேன். கொஞ்ச நாள் பொறுத்தால் வீட்டுக்கே வருமே அம்மா என்றான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். விடியும் முன்னே எழுந்து, பாலத்து வரிசையில் நின்று சிங்கப்பூர் போய், ராத்திரி அதே வரிசையில் நின்று திரும்புகிறவன். லீவு நாளிலும் இன்னொரு வரிசையில் போய் நில் என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்? அவன் சொன்னதெல்லாம் உண்மைதான். டிக்கெட்டு விலை ஏறிவிட்டது. முன்னால் உட்கார்ந்திருப்பவன் படம் பார்க்காமல் போனைப் பார்ப்பான், அந்த வெளிச்சம் நம் கண்ணில் அடிக்கும். பின்னால் ஒரு குழந்தை நாற்காலியை உதைத்துக்கொண்டே இருக்கும். தமிழ்ப் படத்துக்கு இருக்கிறதிலேயே சின்ன ஹாலைத்தான் கொடுக்கிறார்கள், அதுவும் வேலைக்குப் போகிறவன் வர முடியாத நேரத்தில். எல்லாம் தெரிந்துதான் கேட்டேன்.

உன் அண்ணனிடமும் கேட்டேன். எதிரில் நின்று, முகத்தைப் பார்த்து. "வருஷம் திரும்பட்டும் லா," என்றார். அதற்கு மேல் பேச முடியுமா? துக்க வீட்டில் வருஷம் திரும்புகிறதுக்குள் தீபாவளி இல்லை, கல்யாண வீடு இல்லை, படம் எப்படி வரும்?

வருஷம் திரும்பியது. உன் படையல் நாளும் வந்தது.

அன்றைக்கு உன் அண்ணன் விடியற்காலையிலேயே பசாருக்குப் போய்விட்டார். கெம்போங் மீன், நெத்திலி, நீ கேட்கிற அந்தச் சின்ன வெண்டைக்காய், எல்லாம் அவரே பார்த்துப் பொறுக்கி வாங்கி வந்தார். நான் வறுத்துப் பொரித்து முடிக்கிறதற்குள் உறவுக்காரர்கள் வந்துவிட்டார்கள். உன் படத்துக்கு முன்னால் பெரிய வாழை இலை போட்டு, சோறு, மீன் வறுவல், நெத்திலிச் சம்பல், வடை, பால் ஊற்றாத கோப்பி என்று ஒவ்வொன்றாக வைத்தோம். கச்சாங் பூத்தே இல்லாமல் நீ எந்தப் படம் பார்த்தாய்? தர்ஷினி மறக்காமல் அந்த வறுத்த கடலையைக் காகிதக் கூம்போடு வாங்கி வந்திருந்தாள். உன் பெரியப்பா மகள், அதுதான் நம் பெக்கான் நானாஸ் அக்கா, ஊர்ப் பழம் என்று அன்னாசியை வெட்டிக்கொண்டு வந்து இலையில் வைத்தார். உன் அண்ணன் அதை அப்படியே எடுத்து வெளியே வைத்துவிட்டார். "உசுரோட இருக்கும்போதே அதைக் கண்டா ஓடுவா. செத்தும் அவளுக்கு அன்னாசியா?" துக்க வீடு என்று பார்க்காமல் எல்லாரும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை.

எல்லாம் வைத்து முடித்ததும் இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். உனக்குப் பிடித்தது ஏதும் விட்டுப்போகக் கூடாது. பிடித்தது இலையில் இல்லை என்றால் போன ஆள் பசியோடு திரும்பிவிடும் என்பதுதானே நம் நம்பிக்கை. என் பக்கம் திரும்பினார்.

"நீதானே அவகூடவே இருந்தே. எதும் விட்டுப்போச்சா? நல்லா நெனச்சுப் பாரு."

"ஒண்ணு விட்டுப்போச்சுங்க."

"என்னா? சொல்லு, இப்பவே போய் வாங்கியாறேன்." கையில் காடிச் சாவியை எடுத்துவிட்டார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. அத்தனை பேர் நிற்கிறார்கள், ஊதுபத்தி எரிகிறது, நான் சத்தமாகவே சொன்னேன். "அது கடையில வாங்குற சாமான் இல்ல. சாகுற வரைக்கும் உங்ககிட்ட அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அதைத்தான் நீங்க கொடுக்கல."

அவர் உன் படத்தைப் பார்த்தார். நீதான் அந்தப் படத்தில் என்னவோ பகடி பண்ணப்போகிறவள் மாதிரி வாயைக் கோணிக்கொண்டு நிற்கிறாயே. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தர்ஷினி பக்கம் திரும்பி, "எத்தனை மணிக்குப் படம்?" என்றார்.

தர்ஷினி இலைக்குத் தண்ணீர் தெளித்த ஈரக் கையோடு போனைத் தேடி ஓடினாள். பெக்கான் நானாஸ் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. அவர் எதிரில் வந்து நின்று, படையல் அன்றைக்கே படமா, ஊர் என்ன பேசும் என்று சத்தமாக ஆரம்பித்தார். உன் அண்ணன் கற்பூரம் கொளுத்திக்கொண்டே பதில் சொன்னார். "இலையில வைக்க முடியாததை வேற எங்கக்கா கொண்டுபோய் வைக்கிறது?"

அந்த இடத்திலேயே நீ பாதி ஜெயித்துவிட்டாய்.

சாயங்காலக் காட்சி. வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, கோயிலுக்குக் கிளம்புகிற மாதிரித்தான் வந்தார். ஹால் வாசலில் கம்பளம் விரித்திருந்ததைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார். கையில் செருப்போடு நிற்கிறார். தர்ஷினி, "மாமா, போட்டுக்கிட்டே வரலாம்," என்று காதருகில் சொல்லி, சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டிக்கெட்டைப் பார்க்கிற இடத்தில் ஒரு மலாய்ப் பெண். வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது. இவர் சட்டைப் பையில் கச்சாங் பூத்தே கூம்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. உன் இலையிலிருந்து எடுத்ததுதான், எப்போது எடுத்தார் என்று எனக்கே தெரியாது. அந்தப் பெண் அதைக் காட்டி என்னவோ சொன்னாள். "ஊந்தோக் அடேக் சாயா," என்றார். என் தங்கச்சிக்கு என்று அர்த்தம். அந்தப் பெண் எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். இதில் யார் தங்கச்சி என்று தேடினாளோ என்னவோ. இவர் நெற்றியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பி அடுத்தவர் டிக்கெட்டை வாங்கினாள். புண்ணியவதி.

நான் ஒரு பக்கம், தர்ஷினி ஒரு பக்கம், அவர் நடுவில். விளக்கு அணைந்தது. குளிருது என்றார். துண்டைப் போர்த்திவிட்டேன். படம் நல்ல படமா என்று கேட்காதே, சுமார்தான். பெண் பார்க்க வந்த வீட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமன் அடுப்படிக்குள் புகுந்து, பெண்ணின் அப்பாவைச் சமையல்காரர் என்று நினைத்து மிரட்டுகிறான். அப்படிப் போகிற கதை. நான் படத்தைப் பார்க்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, சாமி, இந்த மனுஷன் பாதியில் எழுந்து போகாமல் இருந்தால் போதும் என்று உட்கார்ந்திருந்தேன்.

தாய்மாமன் கரண்டியைத் தூக்கினான். வாயைத் திறந்தான்.

என் பக்கத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஹாலில் வேறு ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒரு சிரிப்பு மட்டும், முந்தி, வாளியைக் கவிழ்த்த மாதிரி.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் உன்னைத்தான் தேடித் திரும்பினேன். உன் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் தாய்மாமன் பேசி முடித்தான், அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த இடம் வந்தது. மறுபடியும் இவர்தான் முதலில். குனிந்து அவர் முகத்தைப் பார்த்தேன். கண் திரையின் அடியிலேயே நிற்கிறது. உதடு அசைகிறது. லாரிக்காரராக இருந்தபோது மலாய்ப் பத்திரிகையை வரி விடாமல் வாசித்த மனுஷனாயிற்றே. பழைய வேகத்தில் அந்த எழுத்தை வாசித்துக்கொண்டிருக்கிறார்.

காதுக்குப் பக்கத்தில் போய் மெதுவாக, "என்னங்க, கோப்பி வேணுமா?" என்றேன். திரும்பவில்லை. மறுபடி கேட்டேன். அடுத்த எழுத்து வந்தது, அவர் சிரித்தார்.

துக்கம் இல்லையடி பேபி, காது. அந்த ஒரு வருஷமும் அவர் டிவி முன்னால் ஊமைப் படம் பார்த்திருக்கிறார். மகன் மாட்டின பெட்டியில் எழுத்தே வராது, வந்தாலும் எறும்பு மாதிரி இங்கிலீசில் வரும். அவர் சத்தத்தை ஏற்றி ஏற்றிப் பார்த்துவிட்டு, முடியாமல், கேட்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார். கோப்பிக்குத் திரும்பாததும் அதனால்தான். நான் அதை எமன் வாசலில் நிற்பதாக நினைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்திருக்கிறேன். அந்த இருட்டில் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அடுத்த நிமிஷம் அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அவர் முந்தி, நான் பிந்தி. ஒரு வருஷம் கழித்து எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணி வருகிற சிரிப்பு. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

உனக்கென்று கொண்டுவந்த கச்சாங்கை அவர் ஒன்றுவிடாமல் தின்று தீர்த்துவிட்டார். கடைசியில் கூம்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

படம் முடிந்து வெளியே வரும்போது முன்வரிசையில் இருந்த ரெண்டு பொம்பிளைகள் நின்றார்கள். அதில் ஒருத்தி, "அங்கிள் சிரிச்சா இப்ப ஒண்ணு வரப்போவுதுன்னு ரெடியாயிட்டோம்," என்றாள். உன் சிரிப்புக்கும் இப்படித்தானே நிமிர்ந்து உட்காருவார்கள். நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறேன். அவள் பயந்தே போயிருப்பாள்.

கீழே சாப்பாட்டுக் கடையில் நுரை தள்ள ஆற்றிய தே தாரேக் டீ வாங்கி உட்கார்ந்தோம். "எப்பேருந்து?" என்று கேட்டேன். "என்னா?" என்று அவர் கத்தினதில் கடையே திரும்பிப் பார்த்தது. தர்ஷினி போனை எடுத்து, பெரிய எழுத்தில், மலாயில் எழுதி அவர் முன்னால் நீட்டினாள். எத்தனை நாளாக மாமாவுக்குக் காது கேட்கவில்லை என்று. அவர் வாசித்தார். பிடிபட்ட ஆள் மாதிரித் தலையைச் சொறிந்தார்.

"பேபிக்குத் தெரியும்," என்றார்.

நான் கிளாசைக் கீழே வைத்துவிட்டேன்.

"அவதான் மொதல்ல கண்டுபிடிச்சா. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். அதான் வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. அங்க காது வேணாம்ணே, கண்ணு இருந்தா போதும், வாங்கன்னு. நான்தான் போகல." கிளாசைச் சுற்றிச் சுற்றி வைத்தார். "போயிருக்கலாம் லா. ரெண்டு பேரும் ஒண்ணா சிரிச்சிருக்கலாம்."

இதுதானடி நீ கடைசி ரெண்டு வருஷம் அவர் பின்னாலேயே அலைந்த கதை! நான் படப் பைத்தியம் என்று உன்னைத் திட்டினேன். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு பெரிதா, அண்ணி பெரிதா? இதற்கு உன்னிடம் ஒரு நாள் கணக்குத் தீர்ப்பேன். ஆனாலும் சொல்கிறேன், உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. செவிட்டு அண்ணனுக்குச் செவிட்டுத் தங்கச்சி ஒரு வழி கண்டுபிடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அவர்தான் வந்து சேர ஒரு வருஷம் பிந்திவிட்டார்.

இப்போது வீட்டில் நடக்கிறதைக் கேள். புதுப் படம் எப்போது வருகிறது என்று தர்ஷினியை அரிக்கிறவர் அவர்தான். சண்டைப் படமா, பேய்ப் படமா, எதுவும் தள்ளுபடி இல்லை. போன தடவை மகனும் வந்தான். படத்தில் பாதி நேரம் அவன் திரையைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தான். வெளியே வந்து, "அப்பா இப்படிச் சிரிப்பாரா அம்மா?" என்று என்னிடம் கேட்டான். டிக்கெட்டு விலையைப் பற்றி அவன் அன்றைக்குப் பேசவில்லை. பெக்கான் நானாஸ் அக்காவும் போன் போட்டு, அடுத்த தடவை வந்தால் எனக்கும் ஓர் இடம் போடுங்கள், ஆனால் தம்பி பக்கத்தில் வேண்டாம், என் காது செவிடாகிவிடும் என்றார்.

காது டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போனேன். மிஷின் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் போட்டுக்கொள்கிறார், கோப்பிக்கு ஒரு தடவை கூப்பிட்டாலே திரும்புகிறார், சீனத்து அம்மாவும் நிம்மதியாக இருக்கிறார். தியேட்டர் வாசலில் மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறார். ஏன் என்று கேட்டால், "இதை மாட்டுனா எல்லாரும் சிரிக்கிறப்பத்தானே நானும் சிரிக்கணும்," என்கிறார்.

தியேட்டருக்குப் போவதில் இன்னும் லாபம் உண்டா என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்பார்கள். எனக்கு நாலு பேருக்குச் சொல்கிற படிப்பு இல்லை. படம் வீட்டுக்கும் வருகிறது, அது நிஜம். பக்கத்தில் ஒரு ஆள் முந்திச் சிரிப்பது வீட்டுக்கு வரவில்லை. பெட்டியில் அது எந்தப் பட்டன் என்று மகனிடம் கேட்டேன், அவனுக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் பேபி. என் காலில் தெம்பு இருக்கிற வரைக்கும், நம் பேரங்காடியில் தமிழ்ப் படம் போடுகிற வரைக்கும், உன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போவேன். சின்ன ஹால் என்றாலும் போவேன், பகல் ஆட்டம் என்றாலும் போவேன். கச்சாங் பூத்தே அவர் பையில் இருக்கும். யார் பிடித்தாலும் தங்கச்சிக்கு என்று சொல்லிவிடுவோம். பொய் இல்லையே.

இப்படிக்கு,
உன் பின்னாலேயே சிரித்துப் பழகிய,
உன் அண்ணி லெட்சுமி

கையெழுத்துப் போட்ட பிறகு ஒன்று. நாம் கடைசியாகப் பார்த்த படம் இப்போது அந்தப் பெட்டியில் வந்துவிட்டது. உன் அண்ணனும் நானும் அந்தத் துணி காயப்போடுகிற இடத்தைத் தேடிப் பிடித்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். மாமியார்க்காரி பேசுகிறாள், கீழே மலாய் எழுத்து இல்லை, வெறும் கறுப்புத்தான் இருக்கிறது. தியேட்டரிலும் அந்தப் படம் போய்விட்டது, இனி வராது. காடியில் சொல்கிறேன் என்றாயே பேபி, அப்படி என்னடி அங்கே எழுதியிருந்தது?